செல்வகுமார் அண்ணன் போட்ட சத்தம்

எங்கள் பள்ளி வேனை ஓட்டும் செல்வகுமார் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலியார்பேட்டைக்காரர். பதினெட்டு வயதில் மில்லில் சேர்ந்து தறி ஓட்டினார். மில்லை மூடியதும் நாலு வருஷம் டெம்போ ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தார். எங்களிடம் என்றால், காது கேளாத பிள்ளைகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கு. நான் அங்கே பெண்கள் விடுதிக்கு வார்டன்.

அவர் குரலைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. வாசலில் நின்று அவர் மெதுவாகப் பேசினாலே மாடியில் மதர் ஜெபத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். புதுச்சேரியிலேயே பெரிய தொண்டைக்காரர் வேலை தேடி வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். அவரால் தொந்தரவே இல்லாதவர்கள் எங்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

ஒன்பது வருஷத்தில் சைகை மொழி கற்றுக்கொண்டார், சுமாராக. ஒரு கை எப்போதும் ஸ்டியரிங்கில் இருந்த பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே கையால் சொல்வார். பாதிச் சொல்லை விழுங்குகிறார் என்று பிள்ளைகள் அவரைப் போலவே செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

போன ஜூனில் சுடர்விழி வந்தாள். ஏழு வயது. திருக்கனூர்ப் பக்கத்துக் கிராமம், அம்மா ராஜாம்பாள் கழனி வேலைக்குப் போகிறவள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் கேட்டருகே இரண்டு மணி நேரம் நின்றாள். மதர் சொன்னதையும் கேட்கவில்லை, நான் சொன்னதையும் கேட்கவில்லை. கடைசியில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க புள்ள குட்டிக்காரரு. சொல்லுங்க, நம்பி உடலாமா?"

அவர் துடைத்த துணியைப் போட்டுவிட்டு, பெண்ணின் தலையில் கை வைத்தார். "எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேம்மா. நான் இருக்கேன்."

"ஏதாச்சும் ஒண்ணுன்னு காதுல வுழுந்துச்சின்னா, அன்னிக்கே வந்து இவள இட்டுக்கினு பூடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு விடுதிப் பெண்களை சண்டே மார்க்கெட்டுக்கு அழைத்துப்போவது எங்கள் வழக்கம். கலைநிகழ்ச்சிக்கு வளையல், ரிப்பன், ஜிகினாத்தாள் எல்லாம் அவர்களே பார்த்து வாங்குவார்கள். இந்த வருஷமும் போனோம். இருபத்திரண்டு பெண்கள், நான், அண்ணன். காந்தி வீதியில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. பெரிய பெண் ஒருத்தி, சின்னப் பெண் ஒருத்தி என்று ஜோடி சேர்த்து, கையைப் பிடித்தபடியே நடக்க வேண்டும் என்று நான் சட்டம் போட்டேன்.

அந்தச் சட்டத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கைதான் வாய். கையைப் பிடித்துக்கொள் என்பது, கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் பேசாமல் வா என்பதுதான். எந்தப் பெண்பிள்ளை அப்படி வருவாள்? காட்டவும் கேட்கவும் சண்டை போடவும் நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை விட்டார்கள். பதினைந்து வருஷ அனுபவசாலி எனக்கு இது உறைக்கவில்லை.

நாலே முக்காலுக்கு வேனருகே நிறுத்தி எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். சுடர்விழி இல்லை. அவளோடு வந்த ஒன்பதாம் வகுப்பு கார்குழலி முகம் வெளுத்து நின்றாள். நட்சத்திரம் தொங்குது பார் என்று சொல்லத்தான் கையை விட்டேன், திரும்பினால் இல்லை என்றாள்.

அண்ணன் சாவியை என் கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தார்.

"சுடர்விழீ... சுடரூ... ஏய், சுடரூ..."

தெருவே திரும்பிப் பார்த்தது. டி-ஷர்ட் கூவி விற்றவன் கூவலை நிறுத்தினான். அந்தக் கோடியில் ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். எனக்கும் ஒரு கணம் பெரிய தெம்பு வந்தது, இந்தக் குரல் எட்டாத இடம் எது என்று. எங்களுக்கு அப்போது புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

கால் மணி நேரம் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அண்ணன் வேன் பக்கமே திரும்பி வந்தார். செருப்புக் கடைக்காரர் ஒருவர் கடையை விட்டு இறங்கி வந்தார். "கொழந்தையா சார்? மைக்ல சொல்லச் சொல்றேன். பேரு கேட்டா சொல்லுமா?"

"காது கேக்காதுங்க. பேச்சும் வராது."

"அப்ப யாரை சார் கூப்புடறீங்க?"

அண்ணன் திறந்த வாயை மூடினார். அப்படியே ஒரு கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

இதற்குள் கார்குழலி எங்களைக் கேட்காமல் வேனின் பின்பக்க ஏணி வழியாக மேலே ஏறிவிட்டாள். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். கூரைமேல் நின்று ஜனங்களின் தலைக்கு மேலே நாலு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் பார்த்து இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினாள். பிறகு அவள் கைகள் பேசத் தொடங்கின.

எதிர் வரிசையில், நாலு கடை தள்ளி, ஒரு ஜவுளிக் கடையின் வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டில் மஞ்சள் கவுன் தெரிந்தது. கவுனுக்கு மேலே இரண்டு சின்னக் கைகள். அவ்வளவு இரைச்சலுக்கும் அவ்வளவு கூட்டத்துக்கும் மேலே இரண்டு பெண்கள் நிதானமாகப் பேசிக்கொண்டார்கள். கீழே போன ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது.

கார்குழலி குனிந்து எனக்குச் சொன்னாள்: 'அவள் அங்கேயே நிற்கிறாளாம். இறங்கி வரட்டுமா என்று கேட்கிறாள்.'

வேண்டாம், அங்கேயே நிற்கச் சொல் என்றேன். நடந்ததை அண்ணனிடம் சொன்னதும் ஓடினார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மினார். மற்றப் பிள்ளைகளை வேனுக்குள் உட்காரவைத்துவிட்டு நானும் போய்ச் சேர்ந்தேன். அவள் திமிறி, முதலில் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள். பேச வேண்டுமே. கூட்டத்தில் எங்களில் யாரையும் காணவில்லை, அதனால் எல்லாருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து ஏறினாளாம். அண்ணன் இரண்டு தரம் கீழே போனாராம். கையைக் கையை ஆட்டினாளாம், அவர் நிமிரவே இல்லையாம். பிறகு அவர் வாயைத் தொட்டுக் கேட்டாள்: 'ஏன் இதைத் திறந்து திறந்து மூடினாய்? பல் வலியா?'

அண்ணனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆமாம், பல் வலி என்று ஒற்றைக் கையால் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கலைநிகழ்ச்சி. முடிந்ததும் பெற்றோர் பிள்ளைகளை விடுமுறைக்கு அழைத்துப் போவார்கள். ராஜாம்பாள் காலையிலேயே வந்துவிட்டாள். மகள் தேவதையாக நின்று கையாலேயே பாடியதைப் பார்த்துப் பூரித்துப் போயிருந்தாள். கைதட்டலுக்குப் பதில் எல்லாரும் கைகளைத் தூக்கி ஆட்டினார்கள், அவளும் ஆட்டினாள்.

"புள்ளதான் கெடைச்சிட்டாளே, இப்ப எதுக்கு அதைச் சொல்லணும்?" என்று நான் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். ராஜாம்பாள் மகளை ஒரேயடியாக அழைத்துப் போய்விடுவாள் என்ற பயம் எனக்கு. ஆறு மாதத்தில் இருநூறு சொல் கற்ற பெண்.

"தலையில கை வெச்சி சொன்னவன் நான், டீச்சர். அவங்ககிட்ட மறைச்சிட்டு எப்பிடி வேன் ஓட்டறது?" என்றார்.

வருஷா வருஷம் அவர்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. அந்தச் சிவப்பு அங்கியோடு, தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜாம்பாள் முன்னால் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். கத்தித் தேடியதைக்கூட விடவில்லை. சொல்லி முடித்து, தண்டனைக்குக் காத்திருக்கிறவராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜாம்பாள் இடுப்பில் வைத்திருந்த துணிப்பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"போன வருசம் அறுப்பன்னிக்கி இவ காணாப் போயிட்டா, அண்ணே. காலையில பத்து மணிக்கி. ஊரே தேடுச்சி. பேரு சொல்லிக் கூப்புட முடியல பாருங்க. பொழுது சாயறப்போ மோட்டார் கொட்டாயிக்குப் பின்னால கெடந்து தூங்கிக்கினு இருந்தா. கெணத்துக்குப் பக்கத்துல." சற்று நிறுத்தினாள். "இங்க எம்மா நேரம் தேடுனீங்க?"

"இருவது நிமிசம் இருக்கும்மா."

"கண்டுபுடிச்சது யாரு?"

அண்ணன் கார்குழலியைக் காட்டினார். சுடர்விழி அப்போது அவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், ஓயாமல், இரண்டு கையாலும். ராஜாம்பாள் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஜனவரியில என்னிக்கு தொறக்கறீங்க, டீச்சர்?"

"ரெண்டாந்தேதிம்மா."

"ஒண்ணாந்தேதியே கொண்டாந்து உட்டா சேத்துக்குவீங்களா?"