ஒரு கை ஆற்றுத் தண்ணீர்

அப்போது எனக்கு ரொறன்ரோவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. ஏரி, ஆறு, கழிவுநீர், எது வந்தாலும் அதில் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாததைத் தேட உயிருள்ள ஒன்று வேண்டும். குரங்கின் சிறுநீரகக் கலங்களை, அதாவது செல்களை, போத்தலில் வளர்த்து, வடித்துச் சுருக்கிய தண்ணீரை அவற்றின் மேல் விட்டுவிட்டுக் காத்திருப்போம். கலங்கள் சுருண்டு செத்தால், இருக்கிறது. அதற்கு நாட்கணக்கில் ஆகும்.

எண்பத்தேழில், எங்கள் அப்பார்ட்மென்டின் மேல்மாடியில் இருந்த அண்ணையின் தாய் ஊரில் தவறிவிட்டார். சண்டை. கொள்ளி வைக்கவும் போக முடியவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைத் தீர்த்தமும் இல்லை. ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்தில் செய்யலாம் என்றார் ஐயர். அந்த வாரம்தான், பெருமழைக்கு அடுத்த நாள், அதே கரையில் சோதனைக்காக நான் தண்ணீர் அள்ளியிருந்தேன். மழை எதையெல்லாம் ஆற்றுக்குள் இழுத்து வரும் என்பது எனக்குத் தெரியும். என் மூக்குக்கும் தெரிந்தது.

அண்ணை கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, நீர் உந்தத் தண்ணியோடதானே வேலை. வாயில வைக்கலாமோ?"

"இன்னும் ரிசல்ட் வரேல்லை அண்ணை."

"அப்ப கூடாதெண்டு இல்லைத்தானே."

மழையைப் பற்றி நான் சொல்லவில்லை. தாய்க்குச் செய்ய அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், அதை எப்படிக் கெடுப்பது என்று நினைத்தேன். நினைத்தேனா, அல்லது பிறகு சோடித்துக்கொண்டேனா?

குளிரில் வேட்டியோடு இறங்கி முழுகினார். ஐயர் சொல்லச் சொல்ல உள்ளங்கையில் அள்ளி உறிஞ்சினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு பின்னேரமானால் மேலே போய்விடுவேன். வயிறு எப்படி, காய்ச்சல் ஏதும் உண்டோ என்று விசாரிப்பேன். "உவர் என்ன, ஒவ்வொரு நாளும் உங்கட வயித்தைப் பாக்க வாறார்? நீங்கள் என்ன பிள்ளைத்தாச்சியோ?" என்று அண்ணையின் மனைவி நக்கலடித்தார். அண்ணைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் போத்தலுக்குள் கலங்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் படியேறினேன். நான் வாயெடுக்குமுன் அண்ணை தேத்தண்ணீரை நீட்டினார்.

"என்ர கூடப்பிறந்ததுகள்கூட இப்பிடி வந்து பாக்கேல்லை. அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்த ஒரே சொந்தம் நீர்தான்."

சீனி போதுமோ என்று கேட்டார். ஓம் என்றேன்.