அழித்த சிரிப்பு

எண்பதுகளில் அரூரில், கல்லறைத் திருநாளன்று சர்ச் சுவரில் காட்டும் ஸ்லைடு படங்களோடு ஓடவிட, நானும் என் தோழியும் அவள் வீட்டில் ஒரு கேசட் பதிவு செய்தோம். சேலம் போகும் கடைசி பஸ்ஸின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் தொடங்குவோம். "சாவு நம் கையில் இல்லை, இன்றைய பொழுது இருக்கிறது" என்று நிதானமாகப் படிப்பவள், பாதியில் சிரித்துவிடுவாள். "நடுராத்திரில நாம யாருக்குடி புத்தி சொல்றோம்?" என்பாள். நான் எரிந்து விழுவேன். சிரித்த இடத்தின் மேலேயே மறுபடி படிக்கவைத்துப் பதிவு செய்வேன்.

மறு வருஷம் மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். அந்தத் திருநாளிலும் அதே கேசட்டைத்தான் போட்டார்கள். சாவைப் பற்றிய வரிகள் பிசகில்லாமல் கேட்டன. எங்காவது ஒரு சிரிப்பு தப்பியிருக்காதா என்று கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவி, அவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறேன்.