வளைந்து போகும் ஊற்றுக்கால்

மணலில் இறங்குவதற்கு முன் எல்லம்மா ஒரு தரம் கனைக்கிறாள். ஆண்கள் படுத்திருக்கும் கூடத்துக்குள் நுழையும் பெண்கள் கனைப்பார்களே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் காலை வைக்கிறாள். பள்ளிகொண்டாவுக்கு மேற்கே பாலாறு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் வெறும் மணல். உச்சி வெயிலில் அங்கே ஒரு காக்கைகூட இருக்காது. அவள் யாருக்காகக் கனைக்கிறாள் என்று நான் முதல் தடவை சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மற்ற நாட்களில் அவள் பிழைப்பு ஆவாரம் பட்டை. மலையடிவாரத்தில் உரித்துக் கட்டுவாள். பதனிடும் வேலைக்காக ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்குப் போகிற வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். அந்தக் கறை ஏறி இரண்டு கைகளும் பழுப்பாகிவிட்டன. எவ்வளவு கழுவினாலும் போவதில்லை. வெற்றிலை போடமாட்டாள், வம்பு பேசமாட்டாள், சிரிப்பு மட்டும் காரணமில்லாமல் வரும்.

தை பிறந்தால் அவளைத் தேடி ஊரே வரும். ஆற்றின் மேலே தண்ணீர் இல்லாவிட்டாலும் மணலுக்கு அடியில் ஓட்டம் உண்டு. மணலை நீளமாகத் தோண்டி, அந்த ஊற்றைக் கூட்டி, வயலுக்குக் கொண்டுபோவார்கள். இதுதான் ஊற்றுக்கால். அடுத்த வெள்ளத்தில் அது தூர்ந்துபோகும், மறு வருஷம் மறுபடி வெட்டவேண்டும். மம்முட்டி பிடித்தவர்களுக்கு முன்னால் எல்லம்மா ஒரு கொம்பால் வெட்டவேண்டிய வழியைக் கீறிக்கொண்டு நடப்பாள்.

பெரிய காய்ச்சல் வந்த வருஷம் பிணங்களைச் சுடுகாடுவரை தூக்க ஆளில்லாமல் ஆற்று மணலிலேயே புதைத்தார்கள். படுக்காமல் தப்பியவர்கள் கொஞ்சம் பேர். அவர்களில் எல்லம்மாவும் ஒருத்தி. குழி வெட்டினவள் அவள்தான். மற்றவர்களுக்கு இடம் மறந்துவிட்டது. அடையாளத்தை வெள்ளம் அடித்துப்போய்விட்டது. அவளுக்கு மட்டும் தெரியும்.

"இன்னா ரத்தினசாமி, இந்த வருஷம் கால நீட்டிட்டியா?" என்று வெறும் மணலைப் பார்த்துக் கேட்பாள். பிறகு ஆட்களிடம், "ஒதுங்கி வெட்டுங்க. தலமாடு இந்தாண்ட கீது" என்பாள்.

"போன வருஷம் அந்தாண்டன்னு சொன்னியே?" என்று கேட்டேன்.

"வெள்ளத்துல பொரண்டு படுத்துக்கினாரு. ஒரே பக்கமா எத்தினி நாளு படுப்பாரு? நீயா இருந்தா படுப்பியா சாமி?"

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

சம்பத் என்ற வாலிபன் ஒரு வருஷம் சிரித்துவிட்டு, அவள் சொன்னதைக் கேட்காமல் நேராக வெட்டினான். முதலில் ஒரு கண்ணாடி வளையல் வந்தது. பிறகு அந்த வளையலைப் போட்டிருந்த கை வந்தது. அன்றிலிருந்து சம்பத் அவள் காலடித் தடத்தில் தன் காலை வைத்துத்தான் நடக்கிறான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சம்பத்துக்குப் பின்னால் நானும் அப்படித்தான் நடந்தேன்.

இந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. ஊற்று கசிந்ததே கொஞ்சம். அதையும் புதைத்த இடங்களைச் சுற்றிப் போகிற வளைவுகள் குடித்துவிட்டன. மணலில் கால்வாய் எவ்வளவு சுற்றுகிறதோ அவ்வளவு தண்ணீர் கீழே இறங்கிவிடும். கடைமடையில் கமலத்தின் நாற்றங்கால் பழுக்க ஆரம்பித்தது. புருஷன் இல்லாதவள், இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்.

நடு ஆற்றில் ஒரு பெரிய வளைவு உண்டு. மற்ற இடங்களில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், அங்கே மட்டும் வாய் திறக்காமல் கொம்பால் அகலமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவாள். யாரென்று கேட்டால், "ஆளு கீது. சுத்திகினு போ" என்பதோடு சரி.

வெட்டு வேலையை நடத்தும் மேஸ்திரி சுந்தரமூர்த்தி அந்தக் கோட்டருகே மம்முட்டியை ஊன்றி நின்றார். "எல்லம்மா, இது ஒண்ணுல நேரா போனா கடைமடைக்குத் தண்ணி எட்டும். யாரு படுத்துக்கீறாங்கன்னு சொல்லு. அவங்க வூட்டாளுங்க கால்ல உழுந்தாவது கேட்டுக்கிறேன்."

கமலம் கிட்டே வந்தாள். "நாத்து போச்சுன்னா நிலத்த உட்டுட்டு நானும் புள்ளைங்களும் தோல் ஷாப்புக்குத்தான் போவணும், அக்கா."

எல்லம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் மணல் வெள்ளையாக எரிந்தது. ஒதுங்க நிழல் இல்லை.

"கேட்டுட்டே இல்ல மேஸ்திரி? நேரா வெட்டு."

"யாருன்னு சொல்லலியே?"

"எம் பொண்ணு. செண்பகம். மூணு வயசு."

ஒருவரும் மம்முட்டியைத் தூக்கவில்லை. சுந்தரமூர்த்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷமாக அந்த வளைவைத் திட்டாதவர்கள் அங்கே ஒருவரும் இல்லை.

அவளே கோட்டைத் தாண்டி உட்கார்ந்தாள். "மம்முட்டி வாணாம். தூங்குற புள்ள" என்று சொல்லிவிட்டுக் கையால் வாரினாள். முழங்கை ஆழம், பிறகு தோள் ஆழம். ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தேன். எலும்பு இல்லை, மணி இல்லை, துணி இல்லை. ஈர மணல்தான். ஒன்றுமில்லையே அம்மா என்று சொல்ல வாயெடுத்தவன், குழிக்குள் சரிந்த மணலைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஓரிடத்தில் அவள் கை நின்றது. முந்தானையை விரித்து, அந்த இடத்து மணலை இரண்டு கையாலும் ஏந்தி அதில் வைத்தாள். சுற்றிக் கட்டினாள். தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகுதான் மம்முட்டிகள் விழுந்தன. தண்ணீர் மெல்லத் தயங்கி, நேராகக் கடைமடைப் பக்கம் நகர்ந்தது. கமலம் கைகூப்பி நின்றாள். எல்லம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கரையேறும்போது ஒரு கையால் மூட்டையின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள். மறு கையால், வெயில் படாமலிருக்க, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சேலை ஓரத்தை இழுத்துவிட்டாள்.