சீக்குக் காட்டுத் துவரை

முனியாயி எனக்குச் சின்னம்மா முறை. கொடும்பாளூருக்குக் கிழக்கே அவளுக்கும் அவள் புருஷன் ராக்கன் சித்தப்பாவுக்கும் இருந்தது ஒரே துண்டு செம்மண் காடு. அதில் துவரைக்கு வேரழுகல் விழுந்தது. பூக்கிற நேரத்தில் செடி வாடும். பிடுங்கினால் வேர் கறுத்து நாறும். மற்றவர்கள் துவரையே வேண்டாமென்று வரகுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஆடிக்கு ஆடி அதே மண்ணில் துவரை போட்டாள். சாகாமல் நின்ற செடியின் நெற்று மட்டும் விதைப்பானைக்குப் போகும்.

"செத்த எடத்துலயே போடுறியே, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்று ஊர் கேட்டது.

"இங்கிட்டுப் பொழைச்சது எங்கிட்டும் பொழைக்கும்" என்பாள்.

ஊர் சிரித்தது. சிரிக்கச் சொல்லியா கொடுக்க வேண்டும் எங்கள் ஊருக்கு! ஆனால் வருடத்துக்கு வருடம் நிற்கிற செடி கூடியது. மகள் சொர்ணத்தைக் கீரனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது சீரோடு ஒரு கலயம் அந்த விதையும் போயிற்று.

சண்டைக் காலம் வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து ரங்கூன் அரிசி நின்றுபோன பிறகு ஒரு கோடையில் சொர்ணம் காய்ச்சலில் விழுந்தாள். முனியாயி போய் உடனிருந்து பார்த்துக்கொண்டாள். இங்கே சித்தப்பா, வருடா வருடம் அந்தக் காட்டில் பெண்டாட்டி படுகிற பாடு பொறுக்காமல், வற்றிக் கிடந்த கண்மாயிலிருந்து வண்டி வண்டியாக வண்டல் அடித்துக் காடு முழுக்கப் பரப்பினார். திரும்பி வந்தவள் அதைப் பார்த்துக் கண் கலங்கினாள். பானையில் இருந்த விதை முழுவதையும் அதில் போட்டாள். ஒரு செடி சாகவில்லை. இனிக் கவலையில்லை என்று, சீக்கைத் தாங்குவது தாங்காதது பார்க்காமல், எல்லா நெற்றையும் ஒன்றாகக் கொட்டி விதையாக்கினாள்.

அடுத்த வருடம் வண்டலின் தெம்பு தீர்ந்திருந்தது. ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிக் காடே சாய்ந்தது. ஓரத்தில் சில செடிகள்தான் நின்றன.

"மண்ணு காப்பாத்துனத, வெதை காப்பாத்துச்சுன்னு நம்பிட்டேங்க" என்றாள் சித்தப்பாவிடம்.

"நாந்தான் கெடுத்தேன் புள்ள."

"நானுந்தானே சந்தோசப்பட்டேன்."

வண்டல் படாத பழைய விதை மகள் வீட்டுக் கலயத்தில் மட்டும் இருந்தது. அது கிடைத்தால் இத்தனை வருடப் பாடு வீணாகாது. அன்றே நடந்து போனாள்.

"கலயத்து வெதை இருக்கா தாயி?"

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். "காய்ச்சல் விட்டு எந்திரிச்ச அன்னைக்கு ஒனக்குப் பருப்புக் கொழம்பு வச்சேனே ஆத்தா, அதுதான். வீட்டுல வேற ஒண்ணுமில்ல. வெறுங்கஞ்சி ஊத்தி ஒன்னைய அனுப்ப மனசு வரல. ஒங்கிட்டத்தான் பானை நெறையா இருக்கேன்னு..."

அந்தக் குழம்பை முனியாயி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

மகளின் தலையைத் தடவி, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

தை மாதம் ஓரத்துச் செடிகளில் கைப்பிடி விதை கிடைத்தது. ஆடியில் அதை அதே சீக்கு மண்ணில் போட்டாள். சித்தப்பா இந்த முறை வண்டல் அடிக்க வண்டி பூட்டவில்லை. அவள் பக்கத்தில் குனிந்து குழி பறித்துக்கொண்டே போனார்.