சித்தி கழுவி வைத்த செம்பனை ஓடு

ஆய்வுக்கூடத்தில் செம்பனைக் கொட்டை ஓடு தீர்ந்துபோனதால் போன சனிக்கிழமை ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர் போய் வந்தேன். ஓட்டைக் கரியாக்கி, அதில் நிக்கலைத் தனித்தனி அணுவாகப் பிரித்து உட்கார வைப்பது என் வேலை. மின்சாரம் கொடுத்தால் அந்த அணுக்கள் கரியமில வாயுவை எரிபொருளுக்கான மூலப்பொருளாக மாற்றும். சொல்வது சுலபம். செய்வதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

காலை எட்டு மணிக்கு ரவாங்கிலிருந்து கிளம்பினேன். ஈஜோக் முப்பது கிலோமீட்டருக்குள்தான். லோரிக்குப் பின்னால் மாட்டினால் ஒரு மணி நேரம். அங்கே சித்தப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறார். நான் போனில் கேட்டதும் இரண்டு மூட்டை எடுத்து வைத்திருந்தார். தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் சாப்பிடும்போதுதான் சித்தி சொன்னார், ஓடெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததாம். இடுப்புவலியோடு மூன்று நாள் உட்கார்ந்து கழுவிக் காயவைத்தாராம்.

வாசலில் இருந்த வாளியைப் பார்த்தேன். குழாய்க்கிணற்றுத் தண்ணீர், உள்ளே காவி படிந்திருந்தது. அத்தனையும் இரும்பு. அது கரியில் நிக்கலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், வேலை செய்தது எந்த அணு என்று யாராலும் சொல்ல முடியாது. அமிலத்தில் ஊறவைத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. இதைச் சித்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. பல்லைக் காட்டி நன்றி சொல்லிவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டேன்.

கோல சிலாங்கூர் இன்னும் இருபது கிலோமீட்டர் போல. அங்கே வேறோர் ஆலையில் கழுவாத ஓடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என் காரில் இரண்டு மூட்டைக்குத்தான் இடம். தோட்டத்துச் சாலை முடியும் இடத்தில் ஆளில்லாத பஸ் ஸ்டாப் ஒன்று. அதன் பின்னால் நிறுத்தி, சித்தியின் ஓட்டைக் கொட்டினேன். இரண்டாவது மூட்டை பாதி காலியானபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியோடு சித்தப்பா வந்து நின்றார்.

கொட்டிக் கிடந்ததைப் பார்த்தார். இரும்பு, அணு என்று ஏதோ உளறினேன்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம்லா," என்றார். பிறகு குனிந்து, கையாலேயே ஓட்டை மூட்டைக்குள் அள்ளத் தொடங்கினார். விடுங்கள், கிடக்கட்டும் என்றேன்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போக ஒன் சித்தி இங்கதாம்மா பஸ் ஏறுவா."

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஓடு எடுக்கப் போகிறவர்களுக்கு: பெட்ரோல் இருபது ரிங்கிட் வெள்ளிக்குள் முடியும். கையுறையும் தார்ப்பாயும் கொண்டுபோங்கள். கழுவ வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். மறந்திருந்தால், முகத்துக்கு நேராகவாவது சொல்லிவிடுங்கள். தன் ஓடு எப்படி வேலை செய்கிறது என்று சித்தி நேற்றுக் கேட்டார். நன்றாக வேலை செய்கிறது என்றேன்.