செத்த காதின் சாட்சி

நம்போசோவின் வலது காது ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் செத்தது. ஆள் செத்தால் ம்பாலே ஊரில் தெருவே திரண்டு துக்கம் கேட்க வரும். காதுக்கு யாரும் வரவில்லை.

மாவு மில்லில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். சத்தத்தை வைத்தே பெல்ட் நழுவுவதைச் சொல்லிவிடுவாள். அன்று ஒரு பக்கம் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கவும், கைபேசியில் தேடினாள். முதலில் வந்தது தைலம் விற்கும் கிடுடுவின் வலைப்பக்கம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். 'திடீரென்று காது அடைத்தால் அது குறும்பிதான். என் வெங்காயத் தைலத்தை இருபத்தொரு நாள் விடுங்கள். ஆஸ்பத்திரியில் நரம்பைக் கெடுத்துவிடுவார்கள்.' கீழே வரிசையாக, குணமானதாகச் சொன்னவர்களின் சாட்சிகள். சர்ச்சில் எழுந்து நின்று ஒருவர் சாட்சி சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காத ஊர் அது. அவளும் கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில், காது டாக்டரம்மா இரண்டு காதையும் சோதித்து இரண்டு கோடாக வரைந்த தாளைக் காட்டினார். "இது நரம்பு சம்பந்தப்பட்டதும்மா. அன்னைக்கே வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பாத்திருக்கலாம். திரும்பியிருந்தாலும் திரும்பியிருக்கும். இப்ப நாள் கடந்துபோச்சு."

நம்போசோ அழவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு கிடுடுவின் பக்கத்தில் எழுதினாள்: 'எனக்கும் சாட்சி இருக்கிறது, டாக்டர்.' சனிக்கிழமை வந்து எல்லார் முன்னாலும் சொல்லும்படி உடனே பதில் வந்தது.

சனிக்கிழமைச் சந்தையில் அவன் கடை முன்னால் போட்ட மேடையில் பாட்டு முழங்கியது. நேரலைக்குக் கைபேசி தயாராக நின்றது.

"அக்கா, இந்தப் பக்கம் உக்காருங்க" என்றான் கிடுடு.

"இல்ல தம்பி, எனக்கு அந்தப் பக்கந்தான் வசதி." செத்த காது அவனைப் பார்க்கும்படி உட்கார்ந்தாள்.

மைக்கை வாங்கி, சர்ச்சில் செய்வதுபோல் முதலில் ஆண்டவரைத் துதித்தாள். கூட்டம் ஆமென் சொன்னது. பிறகு தாளை விரித்தாள். "இருபத்தொரு நாள் இவர் தைலத்த விட்டேன். ஒரு நாள் தவறல. இந்தக் கோடு நல்ல காது. தரையில கெடக்குற இந்தக் கோடு, இவர நம்புன காது."

கிடுடு அவள் காதருகே குனிந்து ஏதோ சீறினான். அவன் வாய் அசைந்ததைக் கூட்டம் பார்த்தது. அவளுக்கு எதுவும் எட்டவில்லை. மைக்கைப் பிடுங்கப் பார்த்தான். மூட்டை தூக்கிப் பழகிய அவள் கை விடவில்லை. அவன் நேரலையை நிறுத்துவதற்குள் கூட்டத்தில் பத்துக் கைபேசிகள் உயர்ந்திருந்தன.

"காது திடீர்னு அடைச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இதான் என் சாட்சி." மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

மூன்று வாரம் கழித்து அவன் மில்லுக்கு வந்தான். கோட்டு இல்லை. அவள் வலப்பக்கம் நின்று, சாட்சியை மாற்றிச் சொல்லும்படி வெகுநேரம் கெஞ்சினான். நம்போசோ சோளத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தாள். அவன் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள்.

"அந்தக் காது ஒன்னோடது தம்பி. அதுல எவ்வளவு வேணும்னாலும் பேசிக்க."

மறுபடி மில் பக்கம் திரும்பிக்கொண்டாள்.