புள்ளிக்காரரும் ஒரு மில்லிமீட்டரும்

எங்கள் டிசைன் ஆபீசில் அவருக்குப் புள்ளி என்று பெயர். பம்ப் உறைகளைக் கணினியில் வரைய, வரி வரியாகக் கட்டளைகள் அடுக்கி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர். நாங்களெல்லாம் 'இங்கே துளை போடு', 'இந்த மூலையை மழுக்கு' என்று ஆளுக்கொரு வரி எழுதிவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போவோம். அவர் புள்ளி வைப்பார், புள்ளிகளைக் கோடாக்குவார், கோட்டைச் சுழற்றி உருளையாக்கி உறையிலிருந்து கழிப்பார். ஒரு துளைக்கு முப்பது வரி. கேட்டால், "ரெடிமேடை எடுத்து ஒட்டறதுக்குப் பேரு வேலையா?" என்பார். பதினாறு வருஷம் இதே பேச்சு.

அவர் மச்சினி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கியிருந்ததும் அக்கா வீட்டில்தான். "இவ பட்டன் தட்டத்தான் லாயக்கு" என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் வாடிக்கையாளர், உறையின் சுவர் ஆறு மில்லிமீட்டர் வேண்டாம், ஐந்து போதும் என்றார். புள்ளியின் ஸ்கிரிப்டில் அந்த ஆறு எங்கேயும் ஆறாக இல்லை. நானூறு புள்ளிகளுக்குள் கரைந்துபோயிருந்தது.

"ரெண்டு வாரம் ஆகும்."

"ஒரு மில்லிமீட்டருக்கா?" என்றார் முதலாளி.

"உங்களுக்குப் புரியாது சார்."

மச்சினி மதியத்துக்குள் முழு உறையையும் நாற்பத்தொரு வரியில் எழுதிவிட்டாள். சுவரின் தடிமன் முதல் வரியில், ஒரே இடத்தில். ஒன்றுதான் மக்கர் செய்தது. வெளியேறும் குழாய் உடம்போடு சேரும் மூலையை மழுக்கச் சொன்னால் மென்பொருள் சிவப்பில் மறுத்தது. அவரிடம் போனாள்.

"மாமா, இந்த இடம் உங்க மாதிரி புள்ளி வச்சாத்தான் வரும். கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

பதினாறு வருஷத்தில் அவருடைய வித்தைக்கு உண்மையாகவே தேவை வந்த ஒரே தருணம். "உன் பட்டனையே கேளு" என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார் அந்த மகான்.

அவருடைய பழைய ஸ்கிரிப்டைத் திறந்து அந்த மூலைக்கான பகுதியைத் தேடினாள். பதினோரு வரி. மென்பொருளின் உதவிப் பக்கத்தில் இருந்த மாதிரியை எழுத்துப்பிழையோடு அப்படியே நகலெடுத்திருந்தார். நான் பின்னால் நின்று பார்த்தேன். அவள் எண்களை மட்டும் மாற்றி ஓட்டினாள். மூலை வந்தது.

இப்போது புள்ளி, அச்சிட்ட வரைபடங்களில் அளவு சரிபார்க்கிறார். மச்சினி தன் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அந்த மூலையை வாங்கினாள் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

"நீ ஏன் மறுத்துப் பேசல?" என்று அவளைக் கேட்டேன்.

"அக்கா அந்த ஆளோடதான இருந்தாகணும். விடுங்க."

எனக்கு அக்கா யாரும் இல்லை. உதவிப் பக்கத்தைப் பற்றி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்.